டர்னிப் வெஞ்சனம்

எங்கள் தெருவில் டர்னிப் வேகிற வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்தத் தெருவில் ஒரு வீட்டு மாடிக்குக் குடிவந்த புதிதில் நானும் சிரித்தவன்தான்.

வாசனை கீழ்வீட்டிலிருந்து வரும். அங்கே இருந்தவர் எங்கள் வீட்டுக்கார அம்மா. மிஷன் பள்ளி ஒன்றின் பெண்கள் விடுதியில் வெகுகாலம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவே அவரை வார்டனம்மா என்று அழைத்தது. நெடுநெடுவென்று உயரம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. நடந்து வருவது காதில் விழாது, திரும்பிப் பார்த்தால் நிற்பார். நூறு பெண்பிள்ளைகளை அதட்டி வளர்த்தவர் என்று சொன்னால் நம்ப முடியாதபடி அவ்வளவு மெதுவாகப் பேசுவார்.

விடுதியின் பழைய சமையற்கட்டை இடித்தபோது அங்கே சும்மா கிடந்த கரண்ட் ஓவனைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பீரோவில் பாதி இருக்கும். எனாமல் அங்கங்கே உதிர்ந்து, கதவில் ஒரு கண்ணாடி, உள்ளே மஞ்சளாக ஒரு பல்பு. அதைப் போட்டால் மாடியில் எங்கள் ஃபேன் சுணங்கும். ஃபேன் சுணங்கினால் சற்று நேரத்தில் வாசனை ஏறி வரும். முதலில் பச்சைக் காயின் காட்டமான நெடி, பிறகு பூண்டும் மிளகும் கலந்த வாசனை, கடைசியில் ஓரம் கருகுகிற இனிப்பு. முதல்முறை அது வந்தபோது என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கீழே இறங்கிப் போனாள்.

வார்டனம்மா அவளுக்குப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தார். தோலைக் கனமாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். நல்லெண்ணெய், உப்பு, தட்டிய மிளகு, பூண்டு போட்டுப் பிசறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி வைக்க வேண்டும். பாதி வெந்ததும் ஒருமுறை திருப்பிவிட்டால் போதும். சோற்றுக்கும் ரசத்துக்கும் அதைவிட நல்ல வெஞ்சனம் கிடையாது. எல்லாம் சொல்லிவிட்டு, ஆசையோடு நின்ற என் மனைவியிடம், இன்றைக்கு வெந்தது உங்களுக்கில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது வார்டனம்மா வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளைத் துண்டு போர்த்திய தட்டு. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காது கொஞ்சம் மந்தமோ என்று நினைத்துக்கொண்டு மாடியேறினேன். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது நாலாவது வீட்டிலிருந்து அழுகை கிளம்பியது. அந்த வீட்டுப் பெரியவர் காபி குடித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், வார்டனம்மா தட்டோடு அங்கே படியேறிக்கொண்டிருந்தார். அழுகை தெருமுனைக்குப் போய்ச் சேரும் முன்பே டர்னிப் அந்த வீட்டுக்குள் போய்விட்டது.

சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் எங்கள் பக்கம் இதில் வித்தியாசம் இல்லை. மற்றவர்கள் சேதி கேட்ட பிறகு அரிசி களைவார்கள். வார்டனம்மாவின் தட்டு சூடாகப் போய் நிற்கும். சோறும் ரசமும் பின்னால் வரும். இரண்டாவது சாவிலும் அப்படியே நடந்தபோது எனக்குள் ஏதோ நெருடியது. அந்தப் பழைய ஓவன் சூடேறவே அரைமணி ஆகும்.

டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன் நான். வாஸ்து, எந்தத் திசையில் எந்தக் கல் என்று நாள் முழுக்கக் கேட்டுச் சலித்தவன். எதையும் நம்புவதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தெருவில் வயசானவர்கள் அதிகம், இந்த அம்மாவும் அடிக்கடி சமைக்கிறார், பொருந்தி வருகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தண்ணீர் லாரி, நாய்த்தொல்லை, காலை வணக்கம் எல்லாம் அதில்தான். யாராவது ஒருவர் "வாசனை வருதா?" என்று போடுவார். உடனே வரிசையாக வரும். நாங்கள் நலம். எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். மாமா மாத்திரை போட்டுத் தூங்குகிறார், நலம். படித்துச் சிரித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கு ஒரு போன் போட்டும் விடுவேன். கோடி வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவர் தாயார் வருஷக்கணக்கில் படுக்கையில். அவர் மட்டும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது எங்கள் கேட்டில் நின்று, இன்றைக்கு அடுப்புப் போடுகிற வேலை உண்டா என்று வார்டனம்மாவிடம் விசாரிப்பார். அந்தக் குரலில் பயம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

டர்னிப் ஏன் என்று நான் ஒருமுறை வார்டனம்மாவிடம் கேட்டேன். சாவு வீட்டுக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனால் அவருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிராயிற்றே என்று ஒருத்தி அழுவாள், பந்தியே கையை உதறிவிட்டு எழுந்துவிடும் என்றார். உருளைக்கிழங்கும் அப்படித்தான். இந்த இங்கிலீஷ் காயை எவரும் ஆசைப்பட்டுத் தின்றிருக்க மாட்டார்கள், இதைப் பார்த்து எந்த ஞாபகமும் வராது, நாலு வாய் சோறு உள்ளே போகும். விடுதியில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குச் சோறூட்டிக் கற்றுக்கொண்டதாம். அதைக் கேட்டபோது அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. பயமும் கூடவே வந்தது என்பதை மறைப்பானேன்.

ஒருநாள் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லலாம் என்று கீழே போனேன். ஓவனுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெளிச்சத்தில் துண்டுகள் எண்ணெய் மினுங்கச் சிணுங்கிக்கொண்டிருந்தன. அந்த வெளிச்சம் அவர் முகத்திலும் விழுந்திருந்தது. இன்றைக்கு யாரம்மா என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டேன்.

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார், திரும்பாமலே. "வேற சோலியா உள்ள வருவேன். கை தானா காய்க்கூடைக்குப் போயிரும். போயிருச்சுன்னா நறுக்காம இருக்க முடியாது. யாருக்குன்னு சத்தம் வந்தாத்தான் தெரியும்."

அன்று இருட்டும்வரை கேட்டருகே தட்டோடு உட்கார்ந்திருந்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. நம் காதுக்கு எட்டாத தெருவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, தட்டை வேப்பமரத்தடியில் கவிழ்த்தார். காக்கைகூட அதைத் தொடவில்லை என்று சொன்னால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். காக்கைகள் தின்றன. நான் நின்று பார்த்தேன்.

அவருக்கு ஒரே மகன். சமயநல்லூரில் அறை எடுத்துத் தங்கி, குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினான். வத்தலக்குண்டில் இறங்குகிற கொடைக்கானல் காய்களை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் அம்மாவைப் பார்க்க வருவான். வரும்போது கேரட், பீட்ரூட், ஒரு பை டர்னிப். எப்போதும் வாயில் ஒரு பாட்டு, என்னைப் பார்த்தால் "அண்ணே, வீட்டுக்குக் கல்லு போடணும், பாதி விலைக்குக் குடுப்பீகளா?" என்று ஒரே கேலியை வாராவாரம் செய்வான். வீடு எங்கே என்று கேட்டால் இனிமேல்தான் கட்டணும் என்பான். அவன் வந்திருக்கும்போது மட்டும் வார்டனம்மாவின் குரல் கொஞ்சம் உயரும். குளிக்கச் சொல்லி விரட்டுவார், முடி வெட்டச் சொல்லித் திட்டுவார். அவன் டர்னிப்பைத் தொட மாட்டான். அம்மா சமைப்பதில் அது ஒன்றுதான் அவனுக்கு ஆகாது.

மழை விட்ட கார்த்திகையில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்று தெரிவதற்குள் எழுந்து உட்கார முடியாமல் ஆகிவிட்டாள். ஒரு விடியற்காலை ஈறில் ரத்தம் கசிந்தது. ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. முந்தின நாள் வந்து கீழே தங்கியிருந்த வார்டனம்மா மகன் சத்தம் கேட்டு ஓடிவந்து, அவளை வண்டியின் முன்சீட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பறந்தான். நான் பின்னால், காய்க்கூடைகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனையில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரத்தத்தட்டு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் நண்பர்களைத் திரட்டி வந்து ரத்தம் கொடுக்க வைத்தான். லோடுக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்து, என் மாமியாரிடம் இளநீரைக் கொடுத்துவிட்டு, "சரியாயிரும்ண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு மத்தியானம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இன்றைய பொழுது தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்றார். மாமியாரை அங்கே வைத்துவிட்டு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தெருமுனையிலேயே எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. செல்போன் துடித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் எப்படி இருக்காங்க. வேண்டிக்கொள்கிறோம். எதுவானாலும் கூப்பிடுங்க சார். ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பியிருந்தார்கள். அப்புறம்தான் மூக்குக்கு எட்டியது. ஓரம் கருகுகிற அந்த இனிப்பு.

வாஸ்துவை நம்பாதவன், எதையும் நம்பாதவன், செருப்போடு அவர் சமையலறைக்குள் ஓடினேன். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். வார்டனம்மா முக்காலியிலிருந்து எழுந்தார். அவர் முகமும் சரியாக இல்லை. அழுதிருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் வேணும்னு செய்யல தம்பி. கை போயிருச்சு."

தூக்கிக் கொட்டுங்கள் என்று கத்தினேன். முன்பே கொட்டிப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பாதியில் நிறுத்தியும் பார்த்தாராம். கூடையில் காயே இல்லாமல் வைத்தும் பார்த்தாராம். சத்தம் வரத்தான் செய்தது. அவர் சொன்னது எதுவும் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது போல இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே கேட்டேன், யாராவது தின்று பார்த்திருக்கிறார்களா என்று.

அவர் ஓவன் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல" என்றார். "எவனும் வாயில வச்சதில்ல. சத்தம் வரதுக்கு முன்னாடி யாரு திம்பா?"

நான் எழுந்து சுவிட்சைப் போட்டேன். மிச்சம் வேகட்டும் என்று இருவரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெந்ததும் அவர் தட்டை வெளியே எடுத்தார். மேஜையில் எனக்கு ஒரு தட்டும் கரண்டியும் வைத்தார். தேவாலயத்தில் அப்பம் கொடுக்கும்போது நிற்பார்களே, அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். நான் அள்ளி அள்ளித் தின்றேன். நாக்கு பொத்துப்போனது. அதற்குப் பிறகு எந்த ருசியும் தெரியவில்லை. துண்டுகள் தொண்டையில் நின்றன, தண்ணீரை ஊற்றி இறக்கினேன். கொண்டுபோக ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. வார்டனம்மா தட்டு மூலையில் ஒட்டியிருந்ததைக் கூட கரண்டியால் சுரண்டி என் பக்கம் தள்ளினார். தின்னு தம்பி, தின்னு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவரைவிட எனக்கு வேண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை.

கையைக் கழுவக்கூட எழவில்லை, மாமியாரிடமிருந்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. ரத்தத்தட்டு ஏறத் தொடங்கிவிட்டதாம். கண்ணைத் திறந்து, நான் எங்கே என்று கேட்டாளாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். வார்டனம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்றார். அவர் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போனார். தேங்காய்நார் போட்டுத் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஒரு பாட்டைக்கூட முனகினார்.

நான் துணிப்பையோடு படியிறங்கும்போது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. மார்க்கெட்டில் மகனோடு லோடு இறக்குகிற இருவர். எனக்கும் முகம் தெரியும், என் மனைவிக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவன் அதில் இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்கள். வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம், நாலுவழிச் சாலையில், நின்றிருந்த லாரியின் பின்னால் குட்டியானை போய் மோதிவிட்டது. அதை அவன் என்னிடம்தான் சொன்னான், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். திரும்பிப் பார்த்தால் வார்டனம்மா வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றிருந்தார். கையில் தட்டு, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் அலறவில்லை. வந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"கழுவிட்டேனே" என்றார்.

உடலை மறுநாள் காலையில்தான் கொடுப்பார்கள் என்றார்கள். மனைவியைப் பார்த்துவிட்டு சாயங்காலம் நான் திரும்பியபோது கீழ்வீடு நிறைய ஆள். கேட்டருகே அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கீழக்குயில்குடியிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பிள்ளைகள் பசியில் சிணுங்கின. அப்போதுதான் கவனித்தேன், ஒரு வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்திருக்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. சாவு வீட்டுக்கு முதல் தட்டு அவரிடமிருந்துதான் போகும், அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் உலை வைப்பார்கள். அப்படியே பழகிப்போயிருந்தோம். தெருவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. தட்டு வராததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய், திருப்பரங்குன்றம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இருந்த இட்லி எல்லாவற்றையும் கட்டச் சொல்லி வாங்கி வந்தேன். பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வார்டனம்மா சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத்திலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்றார்கள். அவர் முன்னால் இலையை வைத்து நானும் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கென்று கேட்பது? என் மனைவி பிழைத்ததற்கா?

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருக்குமோ என்று தேடினேன். விடுதிப் பிள்ளை ஒன்று சாப்பிட்டதா இல்லையா என்று பார்க்கிற பார்வைதான் அது. பக்கத்தில் இருந்த பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டு, அவர் வாய் திறப்பதைக் கவனித்தார்கள்.

"நீ தின்னியே தம்பி" என்றார். "உப்பு சரியா இருந்துச்சா? சாவு வீட்டுக்குச் செய்யுறத நான் ருசி பாக்குறதில்ல."

"சரியா இருந்துச்சும்மா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு இட்லியைப் பிட்டார்.